மேசைக்கு அடியில் மாட்டியிருந்தது

ஜூன் 4

இல்லை. அது இடுக்கி இல்லை. இடுக்கிக்கு இரண்டு கால் வேண்டும், நடுவில் ஓர் ஆணி வேண்டும். நீ வரைந்து அனுப்பியதில் ஒரே ஒரு கம்பிதான் இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். உறைமேல் கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒன்பது வருடத்தில் முதல் கடிதம். உள்ளே ஒரு படம். கீழே ஒரு வரி: அப்பாவின் பட்டறையில் கிடைத்தது, இது இடுக்கியா, உனக்குத் தெரியுமா. நலமா என்றுகூட இல்லை. அதுவும் நல்லதுதான். நலமா என்று கேட்டிருந்தால் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

படம் மோசம். பகல் முழுவதும் பாலங்களுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் வரைபடம் போடுகிற அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவள் நான். அளவு இல்லாத படம் எனக்குப் படமே இல்லை. முழு நீளம் எவ்வளவு என்று எழுது. மரப்பிடி எவ்வளவு. முனையில் கவை போலப் பிரிகிறதே, அந்த இரண்டு கொம்புக்கும் நடுவே எவ்வளவு இடம். பிடி எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது.

அதோடு, எங்கே கிடைத்தது. பட்டறை என்றால் பட்டறையில் எங்கே.

அப்பாவை எடுத்த அன்று நீ என்னைப் பார்த்தாய். நானும் உன்னைப் பார்த்தேன். வாசலோடு நின்றுவிட்டுப் போனதற்கு ஏதாவது நினைத்திருப்பாய். பட்டறை ஜன்னல் திறந்திருந்தது. அதைத் தாண்டி வர முடியவில்லை.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

நலமா. (கேட்டால் எழுத மாட்டேன் என்றாய். பார்ப்போம்.)

முழு நீளம் இரண்டடி ஐந்து அங்குலம். பிடி ஐந்து அங்குலம். கவையின் நடுவே ஒன்றேகால் அங்குலம். கம்பி சுண்டுவிரல் கனம். கவை முழுக்க சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, நூல் போட்டுக் கட்டியிருக்கிறது. நன்றாகவே கட்டியிருக்கிறது.

பிடிதான் கிறுக்குத்தனம். தூக்கத்தில் செதுக்கினது மாதிரி இருக்கிறது. கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம், கடைசி இரண்டு விரலுக்கு ஒரு பள்ளம். மற்ற இரண்டு விரலும் போக வேண்டிய இடத்தில் மரம் முட்டிக்கொண்டு நிற்கிறது. எப்படிப் பிடித்தாலும் கைக்குள் உட்கார மாட்டேன் என்கிறது. ஆனால் அந்தப் பள்ளங்கள் வழுவழுவென்று தேய்ந்திருக்கின்றன. யாரோ வருடக்கணக்கில் பிடித்திருக்கிறார்கள்.

இரும்புக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இது கடை ஷட்டரை இழுக்கற கொக்கி தம்பி."

"ஷட்டர் கொக்கிக்கு எதுக்குண்ணே கவை?"

"அப்ப ரெண்டு ஷட்டர்."

பக்கத்துத் தெருவில் ஒரு பழைய குழாய்க்காரர் இருக்கிறார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மண்ணுக்கடியில இருக்கற வால்வைத் திருப்பறது. நானே வெச்சிருந்தேன்." இதே மாதிரியா என்றேன். "இதே மாதிரி இல்ல. வேற மாதிரி."

கிடைத்த இடம்: ரம்ப மேசைக்கு அடியில். வலது பக்கம், இரண்டு ஆணியில் மாட்டியிருந்தது. தூசி துடைக்கக் குனிந்தேன், மண்டையில் இடித்தது. துடைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கதவு செய்கிற ஒரு தம்பதி பட்டறையைக் கேட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் முதல் தேதி வருகிறார்கள். ரம்பத்தையும் அவர்களே ஓட்டிக்கொள்வார்கள். ஒரு சாமானைக் கொடுக்கும்போது அது என்ன என்று சொல்லிக் கொடுக்க வேண்டாமா.

இன்னொன்று. பிடியின் அடிப்பக்கம் கத்தியால் கீறி 'அ' என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் பாம்பு படமெடுத்தது போல ஒரு சுழி. அழகுக்காக இருக்கும். அ என்றால் அப்பா. அல்லது அம்மா. அல்லது அத்தை. அல்லது நீ. 'அ'வில் ஆரம்பிக்காத ஆளே நம் வீட்டில் கிடையாது, என்னைத் தவிர.

ஜன்னல் திறந்திருந்தது என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கும் திறந்துதான் இருந்தது. அதற்கு வெளியே நின்றவன் நான். எனக்குப் பதினைந்து வயது. அப்பா நிறுத்து, நிறுத்து என்று கத்தினதைக் கேட்டவன் நான். சுவிட்ச் உன் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. நீ நிறுத்தவில்லை. பலகையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாய். ஜன்னல் கட்டையில் உன் பரீட்சைப் புத்தகம் விரித்தபடி கிடந்தது. அப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் போனது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உன்னைச் சொன்னதற்கு இப்போதும் வருத்தப்படவில்லை. வருத்தப்படவில்லை என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நிற்கிறது. அவ்வளவுதான்.

தம்பி


ஜூன் 17

புத்தகம் விரித்துக் கிடந்தது உண்மை. காற்றில் பக்கம் புரண்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்பு நீ கேட்காமல் விட்ட கேள்விக்கு இது பதில்.

இரும்பின்மேல் ரப்பர் சுற்ற இரண்டு காரணம்தான் இருக்க முடியும். தொடுகிற பொருள் கீறக் கூடாது. அல்லது பிடிக்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது. ஷட்டருக்கும் வால்வுக்கும் இரண்டுமே தேவையில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் நீ அதற்கேற்றபடி அளப்பாய்.

ஒன்று. வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கு. மடக்கியபடியே அதைப் பிடி.

இரண்டு. அந்த 'அ'வின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய். சுழி முழுவதும் தாளில் விழ வேண்டும். மடிக்காமல் அனுப்பு.

மூன்று. ரம்ப மேசைக்குப் பின்சுவரில் இருக்கிற மோட்டார் சுவிட்சின் கைப்பிடி என்ன கனம் என்று அளந்து எழுது.

நீ முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்ள நினைத்தால், அதுவும் சரி. எனக்கும் அப்படித் தோன்றியது. அலுவலக அட்டையில் அந்தப் பிடியை வெட்டி ஒட்டிச் செய்துவைத்திருக்கிறேன். மேசை இழுப்பறையில் இருக்கிறது. இன்னும் பிடித்துப் பார்க்கவில்லை.

அக்கா


ஜூன் 24

அக்கா,

மூன்றையும் செய்தேன்.

விரலை மடக்கிப் பிடித்ததும் அது உட்கார்ந்துவிட்டது. யாரோ என் கையைப் பிடித்தது மாதிரி. நான் அதைக் கீழே போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன். முட்டிக்கொண்டு நின்ற மரம் இப்போது முட்டவில்லை. அந்த மரம்தான் இல்லாத இரண்டு விரல்.

சுவிட்ச் கைப்பிடி கிட்டத்தட்ட ஓர் அங்குலம். ரப்பரோடு சேர்த்துக் கவை அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. மேசைக்கு முன்னால், அப்பா நிற்கிற இடத்தில் நின்றேன். நான் குள்ளம், எக்க வேண்டியிருந்தது. அவருக்கு நின்ற இடத்திலிருந்தே எட்டும். கவையை மாட்டிக் கீழே இழுத்தேன். டக் என்றது.

திரும்பினால் அத்தை வாசலில் நிற்கிறாள். கையில் முறம் இல்லை, துடைப்பம் இல்லை, சும்மா நிற்கிறாள். அத்தை சும்மா நின்று நான் பார்த்ததில்லை.

"அந்தச் சத்தம் கேட்டு எவ்ளோ நாளாச்சு" என்றாள்.

"எந்தச் சத்தம்?"

"மோட்டார ஆப் பண்றது."

"அப்பாதான் அன்னிக்கே பட்டறையப் பூட்டிட்டாரே அத்தை."

"பூட்டினான். நீ ஸ்கூலுக்கு, அப்பறம் வேலைக்குன்னு கெளம்பினதும் தொறப்பான், நீ வர்றதுக்குள்ள பூட்டிடுவான். போன வருஷம் படுக்கற வரைக்கும் அப்படித்தான். ஸ்டூல் காலு, சட்டம், ஏதாவது அறுப்பான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்கிட்டயா? ஒனக்கு ரேடியோன்னு பேரு வெச்சதே அவன்தான். ஊருக்கே சொல்லிடுவன்னான்."

தனியாகவா அந்த ரம்பத்தை ஓட்டினார் என்று கேட்டேன். ஒத்தாசைக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்றேன். நானும் அதைத்தான் கேட்டேன் என்றாள். அதற்கு அப்பா சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"'ஆள் வேணாம், நான் தப்பாச் சொல்லிடுவேன்'னான். என்னத்த தப்பாச் சொல்லுவானோ. விரலுதான போச்சு, வாயா போச்சு?"

எனக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும் என்று தோன்றுகிறது. பென்சில் தேய்த்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். மடிக்காமல் வைக்க உறை பெரிதாக வாங்க வேண்டியிருந்தது.

தம்பி


ஜூலை 1

அது சுழி இல்லை.

நீ பள்ளியில் படித்தது புது எழுத்து. அப்பா எழுதியது பழைய எழுத்து. ணை, லை, ளை, னை இவற்றுக்கெல்லாம் முன்னால் இணைக்கொம்பு போடாமல், மேலே தும்பிக்கை மாதிரி வளைத்துவிடுவார். மரத்துக்கு அளவு எழுதுகிற துண்டுச் சீட்டில் 'நிலை' என்று எழுதினால் ஒரு யானை நிற்கும். பட்டறைக்குப் போன முதல் நாள் அந்தச் சீட்டை வாசிக்கத் தெரியாமல் முழித்தேன். பிறகு பழகிவிட்டது.

பிடியில் இருப்பது இரண்டு எழுத்து. இரண்டாவது எழுத்து ணை.

அணை.

இதை இப்போது உனக்கு விளக்க வேண்டும். விளக்கினால் அப்பாவைக் குற்றம் சொன்னதாக ஆகும். அதனால்தான் ஒன்பது வருடம் விளக்கவில்லை. அது மட்டும் காரணம் இல்லை. எனக்கே நிச்சயமில்லை என்பது இன்னொரு காரணம்.

பட்டறைக்குப் போன முதல் வாரம். அவர் முன்னால் நின்று பலகையைத் தள்ளுவார், நான் பின்னால் நின்று வாங்குவேன். சுவிட்ச் என் பக்கம். ஒரு பலகை பாதி அறுபட்டுக்கொண்டிருக்கும்போது, எடுத்து வைத்திருந்த இன்னொன்றைக் காட்டி "அதை நிறுத்து" என்றார். பலகையைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிமிர்த்தி வை என்கிற அர்த்தத்தில். நான் மோட்டாரை நிறுத்திவிட்டேன். ரம்பப் பல் மரத்துக்குள் சிக்கிக்கொண்டது. நல்ல பலகை, கருகிப் போயிற்று. அவர் திட்டவில்லை. பல்லை மரத்திலிருந்து விடுவித்துக்கொண்டே சொன்னார்.

"தப்பு ஒம்மேல இல்ல. வார்த்த மேல. இனிமே நிறுத்துன்னா பலகை. மோட்டார்னா அணை. வெளக்க அணைக்கற மாதிரி."

நான் சிரித்தேன். மோட்டாரை யாராவது அணைப்பார்களா. ஆனால் இரண்டு வருடம் அப்படித்தான் வேலை செய்தோம். அணை என்றால் கை சுவருக்குப் போகும். நிறுத்து என்றால் கை பலகைக்குப் போகும். யோசிப்பதில்லை. யோசிக்காமல் இருப்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அது எங்கள் இரண்டு பேருக்குள்தான். உனக்குத் தெரியாது, அத்தைக்குத் தெரியாது.

அன்றைக்குப் பலகையில் ஒரு கணு. பல் பிடித்துக்கொண்டு பலகை உதறியது. அவர் நிறுத்து என்றார். நீ கேட்டது சரிதான். இரண்டு முறை சொன்னார்.

நான் நிறுத்தினேன்.

என் கைக்கு வந்திருந்த அதே பலகையைத் திருப்பி விளிம்பில் நிறுத்தினேன். அதைத்தான் நீ ஜன்னல் வழியே பார்த்தாய். அவர் அழுத்திக்கொண்டிருந்த இடத்தில் பலகை இல்லாமல் போயிற்று. கை மட்டும் இருந்தது.

எந்த நிறுத்து என்று எனக்குத் தெரியாது. உதறுகிற பலகையைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். பயத்தில் பழைய வார்த்தை வந்திருக்கலாம். முதலாவது என்றால் நான் செய்தது சரி, விபத்து விபத்துதான். இரண்டாவது என்றால் அவர் வாய் தவறியது. அவர் ஒருவர்தான் சொல்ல முடியும். ஆஸ்பத்திரியில் நீ வராந்தாவில் கத்திக்கொண்டிருந்தபோது கதவு திறந்திருந்தது. "இவளால்தான்" என்றாய். "புத்தகத்தப் பாத்துக்கிட்டு நின்னா" என்றாய். அப்பா விழித்துத்தான் இருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் தப்பாச் சொல்லிடுவேன். அத்தையிடம் சொல்லியிருக்கிறார். மரத்தில் கீறியிருக்கிறார். நான் நின்ற இடத்துக்கு ஒரு கம்பி செய்து, சொல்ல வேண்டியிருந்த வார்த்தையை அதன் பெயராக வைத்திருக்கிறார். தினம் பகலில் அதைக் கையில் பிடித்திருக்கிறார்.

மழைக்காலத்தில் அந்தச் சுவிட்ச் கைப்பிடி லேசாகக் கடிக்கும், தெரியுமா. அதற்குத்தான் ரப்பர். அதை ஞாபகம் வைத்திருந்திருக்கிறார்.

என் முகவரி அவரிடம் இருந்தது. ஒரு கார்டு போதும். ஒரு வரி போதும். விரல் இல்லை என்று சொல்ல முடியாது. கத்தி பிடித்துப் பழைய எழுத்தில் ணை போடத் தெரிந்த கை அது.

எனக்குக் கோபமாக இருக்கிறது. செத்துப்போனவர்மேல் கோபப்பட்டால் அது எங்கே போகும் என்று தெரியவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

இன்று அட்டைப் பிடியை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். இரண்டு விரலை மடக்கிக்கொண்டு பிடித்தேன். பொருந்தியது.

அக்கா


ஜூலை 9

அக்கா,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. நன்றாக வராது.

ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு வார்த்தையைக் கேட்டேன். சரியாகத்தான் கேட்டேன். அதை வைத்து எல்லாரிடமும் சொன்னேன். தெருவில், ஸ்கூலில், அத்தையிடம், சித்தப்பா வீட்டில். யாரும் கேட்காமலே சொன்னேன். அப்பா முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். மறுக்க மாட்டார். மறுக்காததால் நான் சொல்வது சரி என்று நினைத்தேன்.

உன் கடிதத்தை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அடப்பாவி" என்றாள். என்னையா அப்பாவையா என்று கேட்டேன். "ரெண்டு பேரையுந்தான்" என்றாள். பிறகு அந்தச் சாமானை வாங்கி, மேலே கட்டியிருந்த நூலைத் தடவிப் பார்த்தாள். அது அவள் தையல் நூலாம். எதற்கு என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனாராம்.

அணை என்றால் கட்டிக்கொள் என்றும் ஓர் அர்த்தம் இருக்கிறது. அப்பா அதை நினைத்திருக்க மாட்டார். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. எழுதத் தோன்றியது, எழுதிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சொன்னதற்கு வருத்தப்படவில்லை என்று போன மாதம் எழுதினேனே. அதை அடித்துவிட்டு வாசி.

கதவுக்காரரும் அவர் சம்சாரமும் நேற்று வந்து மேசையைப் பார்த்தார்கள். அவர் முன்னால் நிற்பாராம், அந்த அம்மா பின்னால் நிற்பாராம். அந்த அம்மா சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்று காட்டினார். நான் வெளியே வந்துவிட்டேன். அவர்களிடம் இதை யார் சொல்வது? நான் சொன்னால் கதை மாதிரி இருக்கும். நீ வா.

வாசலோடு நிற்காதே.

தம்பி


ஜூலை 14

இரண்டு விஷயம்.

ஒன்று. சித்தப்பா வீட்டுக்குப் போ. தெருவில் யார் யாரிடம் சொன்னாயோ அவர்களிடமும் போ. அன்றைக்கு எந்தச் சத்தத்தில் சொன்னாயோ அதே சத்தத்தில் சொல். அப்பாவைத் திட்ட வேண்டாம். வார்த்தைமேல் தப்பு என்று சொல். அவர் சொன்னதுதான் அது. ரேடியோவால் முடியும்.

இரண்டு. இதோடு வரைபடம் வைத்திருக்கிறேன். மேலிருந்து, பக்கத்திலிருந்து, முனையிலிருந்து. எல்லா அளவும் நீ கொடுத்தது. பிடியின் பள்ளங்களை மட்டும் என் அட்டையிலிருந்து போட்டேன். கீழ் மூலையில் எங்கள் அலுவலக வழக்கப்படி ஒரு கட்டம். அதில் எழுதியிருக்கிறேன்:

பெயர்: அணை.
உபயோகம்: ரம்பம் ஓட்டுபவர் நின்ற இடத்திலிருந்தே மோட்டாரை அணைக்க.
செய்தவர்: அப்பா.
சரிபார்த்தவர்: தம்பி.

சரிபார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுப் பட்டறையில் ஒட்டு. இனி யாரும் அதை ஷட்டர் கொக்கி என்று சொல்லக் கூடாது.

வருகிறேனா என்று கேட்காதே.

அக்கா


ஆகஸ்ட் 4

வந்து சேர்ந்தேன். வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. அத்தை கொடுத்த போர்வை தேவைப்படவில்லை, ஆனாலும் போர்த்திக்கொண்டேன்.

சனிக்கிழமை நீ ஆணிப் பெட்டி வாங்கப் போயிருந்தபோது நடந்ததை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதை எழுதிவிடுகிறேன்.

பட்டறைக்குள் போனேன். கதவுக்காரர் வரைபடத்தின் முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்தார். நிறுத்து என்றால் பலகை, அணை என்றால் மோட்டார் என்று சொன்னேன். ஏன் என்று அந்த அம்மா கேட்டார். சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு கணவரிடம் திரும்பி, "இந்தா, கேட்டுக்கிட்டியா? நீ அவசரத்துல 'ஏய் ஏய்'ம்ப. ஏய்னா எது?" என்றார். கதவுக்காரர் சிரித்தார். நானும்.

ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்த அம்மா நகர்ந்து எனக்கு இடம் விட்டார். கதவுக்காரர் ஒரு பழைய சட்டத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஜன்னல் திறந்திருந்தது. மோட்டாரைப் போட்டேன். சட்டம் பாதி என் கைக்கு வந்தது. தூள் முகத்தில் அடித்தது.

அவர் "அணைங்க" என்றார்.

அணைத்தேன்.